‘எங்கள் பாய் அப்படியில்லை’ என்று தொடங்காதீர்கள்

முஸ்லிம்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் கிளம்பும் பேச்சுக்குப் பதில் சொல்ல ரங்கூனில் நம் தமிழ் இளைஞர்கள் சிலர் இறங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் செட்டு செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கத்தாதே, கை நீட்டாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விடுகிறேன்.

வதந்தியை மறுக்க வதந்தியையே பரப்புவது

2014 ஜூலையில், மாண்டலேயில் முஸ்லிம் டீக்கடைக்காரர்கள் ஒரு பெண்ணைக் கெடுத்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் கிளம்பியது. கலவரத்தில் ஒரு பௌத்தரும் ஒரு முஸ்லிமும் செத்தார்கள். புகார் பொய் என்பது பிறகுதான் வெளிவந்தது. ‘இது பொய்’ என்று மேலே எழுதி அதே பதிவைத் திரும்பப் போடாதீர்கள். பார்ப்பவர் கண் பதிவில்தான் நிற்கும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

786 கணக்கு

பாய் கடைகளில் எழுதியிருக்கும் 786-ஐப் பார்த்துக் கிளம்பிய பேச்சு இது: ஏழும் எட்டும் ஆறும் 21, ஆகவே 21ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் நாட்டைப் பிடிக்கப் போகிறார்களாம்! ‘இறைவன் பெயரால்’ என்று தொடங்கும் பிஸ்மில்லா வாசகத்தின் அரபு எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் வருவது 786, அவ்வளவுதான். கடையில் எழுதி வைப்பது நம் தெற்காசியப் பக்கத்துப் பழக்கம். அரபு நாடுகளில் அது வழக்கமில்லை. ‘அரபுச் சதி’ என்பவரிடம் இதை ஒருமுறை சொல்லுங்கள். கூட்டல் கழித்தலில் இறங்கினால் விடிய விடியப் போகும்.

‘எங்கள் பாய் நல்லவர்’

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு டீக்கடையில் நம் பையன் ஒருவன் பர்மியப் பெரியவரிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். அவர் மடக்கியதும், “எங்கள் சூலியா முஸ்லிம்கள் அப்படியில்லை ஐயா, ரக்கைனில் இருப்பவர்கள்தான் மோசம்” என்று சொல்லிவிட்டான். (சூலியா என்பது பர்மாவில் தமிழ் முஸ்லிம்களுக்கு உள்ள பெயர். ரக்கைன், மேற்கு பர்மாவில் ரோஹிங்கியா முஸ்லிம்கள் வாழும் மாநிலம்.) பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஏன் ஆட்டமாட்டார்? அவர் நினைத்ததையே இவனும் சொல்லிவிட்டானே. பக்கத்து மேசையிலிருந்த சூலியா பாய்தான் கேட்டார்: “தம்பி, என் நற்சான்றை உங்களிடம் யார் கேட்டது?”

அந்தச் சான்று எவரையும் காப்பாற்றியதுமில்லை. அரசு அங்கீகரித்த 135 இனங்களில் கமன் முஸ்லிம்களும் உண்டு. 2012 அக்டோபரில் ரக்கைனில் நடந்த கலவரத்தில் அவர்களும் வீடிழந்தார்கள். 2013 மார்ச்சில் நடு பர்மாவின் மெய்க்திலா நகரில் நகைக்கடைத் தகராறு ஒன்றில் தொடங்கிய வன்முறையில், அதற்குச் சம்பந்தமே இல்லாத மதரஸா மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 1947இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்ட முஸ்லிம் அமைச்சர் ஊ ரசாக் பிறந்த ஊர் அது. தியாகிகள் பட்டியலை நீட்டுவதும் இதே தவறுதான். பக்கத்து வீட்டில் குடியிருக்க ஒருவர் நாட்டுக்காக உயிரை விட்டிருக்க வேண்டுமா என்ன?

அப்புறம், ‘நாம் இந்துக்கள், நமக்கென்ன’ என்ற நினைப்பும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. 1964இல் கடைகளை எடுத்துக்கொண்ட ராணுவ அரசு செட்டியார் கடை, பாய் கடை என்று பிரித்துப் பார்க்கவில்லை. இரு தரப்பாரும்தான் கப்பலேறினார்கள்.

எனவே பேச்சை ஆளிடம் கொண்டுவாருங்கள். “யார் செய்தது? எப்போது? நீங்கள் பார்த்தீர்களா?” ஒருவன் செய்திருந்தால் அவனைப் பற்றிப் பேசலாம். கூட்டத்துக்குத் தாவ விடாதீர்கள், நீங்களும் தாவாதீர்கள்.

பிரியாணி விருந்து

பாய் வீட்டில் கூப்பிட்டால் போங்கள், சாப்பிடுங்கள். சமூக சேவை என்று கணக்கெழுத வேண்டாம்.

பாயையே மேடையேற்றுவது

முதலில் அவரிடம் கேளுங்கள். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள், அவர் மறுநாள் அதே தெருவில் கடை திறக்க வேண்டும்.