பழைய இத்தாலிய புக்கை கேட்டலாக் பண்ணணுமா, கடைசிப் பக்கத்துலேந்து ஆரம்பிங்க

யுனிவர்சிட்டி லைப்ரரில ரேர் புக்ஸ் பக்கம் புதுசா வந்தவங்க கைல 1500கள்ல வெனிஸ்ல அச்சான ஒரு புக்கை குடுத்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா, டைட்டில் பேஜை பாப்பாங்க, வோர்ல்ட்கேட்ல (உலக லைப்ரரிகளோட கூட்டு கேட்டலாக்) தேடுவாங்க, அதே தலைப்பு அதே வருஷம் ஒரு ரெக்கார்டு கிடைச்சதும் அப்படியே இழுத்து போட்டுட்டு அடுத்த புக்குக்கு போயிடுவாங்க. நானும் அப்படித்தான் பண்ணேன். நான் அப்ப வேலை பாத்த லைப்ரரில இத்தாலியக் கவிஞர் பெத்ராற்க்காவோட ஒரு பதிப்பு, வேற யாரோ போட்ட ரெக்கார்டை அப்படியே எடுத்துக்கிட்டேன், ஒரு வருஷம் கழிச்சு ஒரு ஆராய்ச்சியாளர் அந்த கடைசி இலைல இருக்கிற அச்சக முத்திரையை பாக்கணும்னே ஃப்ளைட் ஏறி வந்தாரு, வந்து பாத்தா எங்க காப்பில அந்த இலையே இல்ல, எவனோ எப்பவோ கிழிச்சிருக்கான். ரெக்கார்டு மட்டும் முழு புக்குன்னு சொல்லுது. அந்த மனுஷன் முகத்தை இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியல.

அதனால முதல்ல ஒண்ணு, டைட்டில் பேஜை கடைசியா பாருங்க. பின்னாடியிலேந்து வாங்க.

உக்காருறதுக்கு முன்னாடி வேண்டியது ரொம்ப இல்ல. கையை சோப்பு போட்டு கழுவி நல்லா துடைச்சிருக்கணும் (வெள்ளை கிளவுஸ் எல்லாம் சினிமால, பேப்பர் புக்குக்கு வெறுங்கைதான் நல்லது, கிளவுஸ் போட்டா ஓரம் கிழியும்), புக்கு சாய ஒரு ஃபோம் தாங்கி, பென்சில், சென்டிமீட்டர் ஸ்கேல், பேப்பருக்கு பின்னாடி வெளிச்சம் காட்ட ஒரு மெல்லிசான லைட் ஷீட். பேனா டேபிள் பக்கமே வரக்கூடாது.

இப்ப கடைசி எழுத்து அச்சான பக்கத்துக்கு போங்க. அந்த காலத்து இத்தாலிய புக்குல பெரும்பாலும் அங்கதான் கோலோஃபோன் இருக்கும், யாரு அச்சடிச்சான், எந்த ஊர்ல, எந்த மாசம்னு. அதுக்கு பக்கத்துலயே ரெஜிஸ்த்ரோன்னு ஒண்ணு இருக்கும், அதுதான் நம்ம உயிர்நாடி. புக்கு தைக்கிறவனுக்காக அச்சகக்காரன் எழுதி வச்ச லிஸ்ட் அது, எந்தெந்த எழுத்து போட்ட மடிப்பு (தாளை மடிச்சு ஒண்ணா சேத்த இலைக் கட்டு) எந்த வரிசைல வரணும்னு. ஏ பி சி டின்னு வரிசையா போட்டுட்டு கீழ "துத்தி சோனோ குவாதெர்னி, எச்செத்தோ டிடி, கே எ துயெர்னோ" அப்படின்னு இருக்கும். அதாவது எல்லாமே குவாதெர்னோ, எட்டு இலை மடிப்பு, டிடி மட்டும் துயெர்னோ, நாலு இலை.

கணக்கு போட்டு பாக்கலாம். ஏ-லேந்து இசட் வரைக்கும், அப்புறம் ஏஏ, பிபி, சிசி, டிடி. இங்க 26 எழுத்துன்னு போட்டீங்கன்னா போச்சு, அச்சகக்காரங்க லத்தீன் அரிச்சுவடியைத்தான் வச்சுக்கிட்டாங்க, அதுல ஐயும் ஜேயும் ஒண்ணு, யுவும் வியும் ஒண்ணு, டபிள்யூ கிடையவே கிடையாது, ஆக 23. 23 எட்டு 184, ஏஏ பிபி சிசி மூணு எட்டு 24, டிடி நாலு, மொத்தம் 212 இலை. இப்ப கைல இருக்கிற புக்கை எண்ணுங்க, 211 வந்தா எங்கயோ ஒண்ணு காணோம். இதுல இன்னொரு வம்பு, சில இத்தாலிய புக்குல, அதுவும் 1400கள்ல வந்ததுல, இசட்டுக்கு அப்புறம் "எத்", "கொன்", "ரும்"னு மூணு சுருக்கக் குறியையும் எழுத்து மாதிரியே மடிப்புக்கு போட்டிருப்பாங்க. அது தெரியாம ஏஏக்கு தாவினா 24 இலை கணக்குல தப்பிடும்.

இலை நம்பரை நம்பி எண்ணாதீங்க. 78க்கு அப்புறம் 97ன்னு அச்சாகி இருக்கும், அது கிழிஞ்சது இல்ல, எழுத்து கோக்கிறவன் தூங்கிட்டான். மடிப்பு எழுத்தையும், பக்கத்து அடில அடுத்த பக்கத்தோட முதல் வார்த்தையை போட்டிருப்பாங்களே அதையும் சேத்து பாத்தா உண்மை தெரிஞ்சிடும்.

அடுத்தது சைஸ். முழுத் தாளை ஒரு தடவை மடிச்சா ஃபோலியோ, ரெண்டு தடவைன்னா குவார்ட்டோ, மூணு தடவைன்னா ஆக்டாவோ. ஃபோலியோவா குவார்ட்டோவா ஆக்டாவோவான்னு சென்டிமீட்டரை வச்சு சொல்ல முடியாது, பைண்ட் பண்றவன் எவ்வளவு வெட்டினான்னு யாருக்கு தெரியும். ஒரு இலையை லைட் ஷீட்ல பிடிங்க, கொஞ்ச தூரம் விட்டு விட்டு கோடு தெரியும், அதான் செயின் லைன். கோடு நின்னவாக்குல ஓடி வாட்டர்மார்க் இலை நடுவுல இருந்தா ஃபோலியோ. கோடு படுத்தவாக்குல இருந்து வாட்டர்மார்க் தையல் மடிப்புக்குள்ள பாதி ஒளிஞ்சிருந்தா குவார்ட்டோ. மறுபடி நின்னவாக்குல, வாட்டர்மார்க் மடிப்போட மேல் மூலைல மாட்டியிருந்தா ஆக்டாவோ. இதை ஒரு பத்து புக்குல பண்ணிட்டா அப்புறம் கண்ணே சொல்லிடும்.

இப்பதான் டைட்டில் பேஜ். இருக்கிறதை இருக்கிறபடி எழுதணும், இத்தாலியன் ஸ்பெல்லிங்கை இன்னிக்கு ஸ்பெல்லிங்கா திருத்தாதீங்க. எஃப் மாதிரி இருக்கிற நீட்டு எஸ்ஸை எஸ்ன்னே போடுங்க. எழுத்து மேல கோடு போட்டு சுருக்கியிருந்தா விரிச்சு எழுதி, விரிச்சதை மட்டும் சதுர அடைப்புக்குள்ள போடணும். தலைவலி யு-வி தான். பெரிய எழுத்துல எல்லாமே வி மாதிரி இருக்கும், அதை சின்ன எழுத்தாக்கும்போது இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது, அந்த புக்கோட உள்பக்கத்துல அந்த அச்சகக்காரன் சின்ன எழுத்துல எங்க வி போட்டிருக்கான் எங்க யு போட்டிருக்கான்னு பாத்து அதே பழக்கத்தை தொடரணும். அமெரிக்க லைப்ரரிகளுக்காக 2007ல வந்த டிசிஆர்எம்பி, அதாவது அரிய புக்கை கேட்டலாக் பண்ற விதித் தொகுப்பு, அதைத்தான் சொல்லுது, எனக்கு அதுல முழு சம்மதம், தேடுறவங்க வசதிக்கு இன்னிக்கு ஸ்பெல்லிங்கை தனியா 246ல போட்டுக்கலாம் (இந்த மாதிரி மூணு இலக்க நம்பர் எல்லாம் மார்க் ரெக்கார்டுல ஒவ்வொரு தகவலுக்கும் இருக்கிற ஃபீல்டு நம்பர்).

ஊர் பேரு பல வேஷம் போடும். வெனெத்சியா, வினேஜியா, லத்தீன்ல வெனெத்தீஸ், மூணும் வெனிஸ்தான். பொனோனியே போலோஞ்ஞா, பத்தாவீ பதோவா, அவுகுஸ்தா தவுரினோரும் தோரினோ. அச்சானபடி எழுதிட்டு 752ல நாடு, ஊர் இன்னிக்கு பேரோட போட்டுடுங்க. அச்சகக்காரன் பேரு இல்லன்னா படத்தை பாருங்க, ஜொலித்தோன்னா நெருப்புலேந்து எழும்புற ஃபீனிக்ஸ், ஜுந்தா குடும்பம்னா லில்லி பூ, செஸ்ஸான்னா வாயில எலியை கவ்வின பூனை (எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த பூனைதான்), ஆல்டுஸ்னா நங்கூரத்துல சுத்தின டால்ஃபின், அது 1502லேந்து வருது.

வருஷத்துக்கு வருவோம், இங்கதான் நிறைய பேரு வழுக்கி விழுறது. வெனிஸ்ல வருஷம் மார்ச் 1ல பொறக்கும், ஃப்ளோரன்ஸ்ல மார்ச் 25ல. நமக்கு இது புரியறது ஈசி, சித்திரைல வருஷம் பொறக்குது, அதனால தை மாசி பங்குனி எல்லாம் போன வருஷத்து பேர்லதான் ஓடும் இல்லையா, அதே கதை. ஆல்டுஸ் செத்தது 1515 பிப்ரவரி 6, வெனிஸ் கணக்குல அது இன்னும் 1514. ஆக கோலோஃபோன்ல ஜனவரி, பிப்ரவரின்னு பாத்தாலே உஷாராகணும், அச்சானபடி வருஷத்தை எழுதி பக்கத்துல சதுர அடைப்புல திருத்தின வருஷம். ஆனா எல்லா அச்சகக்காரனும் ஊர் கணக்கை பின்பத்தல, சிலர் ஜனவரி 1 கணக்குலயும் போட்டிருக்காங்க, அதனால கண்ணை மூடிட்டு ஒண்ணு கூட்டாம முன்னுரைல, அர்ப்பணிப்பு கடிதத்துல தேதி இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

சரி, டைட்டில் பேஜை ஏன் கடைசில பாக்க சொன்னேன்னா, அது பொய் சொல்லும். மாக்கியவெல்லியோட இளவரசன், 1584, பலெர்மோன்னு போட்டிருக்கும், அச்சானது லண்டன்ல, ஜான் வுல்ஃப்ங்கிறவன் வேலை. அதே மாக்கியவெல்லியோட மொத்த நூல்களும் 1550ன்னு தேதி போட்டு, தலை படம் ஒண்ணோட பல பதிப்பு கிடைக்கும், தெஸ்தினான்னு பேரு, அதெல்லாம் உண்மைல 1600கள்ல அச்சானது. 1559ல போப்போட தடை லிஸ்ட்ல அவர் நூல் மொத்தமும் ஏறிடுச்சு, தடைக்கு முந்தின தேதியை போட்டுட்டா பிரச்சினை இல்ல பாருங்க. பொய்யை பொய்யாவே எழுதிட்டு, உண்மையை அடைப்புல போட்டு, எப்படி தெரியும்னு 500ல ஒரு வரி எழுதணும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கதை லியோன் திருட்டுப் பதிப்பு. ஆல்டுஸ் 1501ல சாஞ்ச எழுத்துல சின்ன சைஸ் புக்கு போட ஆரம்பிச்சதும் ஃபிரான்ஸ்ல லியோன்ல அப்படியே காப்பி அடிச்சாங்க, பேரும் இல்ல ஊரும் இல்ல வருஷமும் இல்ல. கடுப்பான ஆல்டுஸ் 1503 மார்ச்ல ஒரு நோட்டீஸ் அச்சடிச்சு விட்டாரு, அவங்க பேப்பர் மட்டம், ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது, எழுத்தை உத்துப் பாத்தா ஃபிரெஞ்சு வாடை தெரியும், இன்னின்ன இடத்துல அச்சுப்பிழைன்னு லிஸ்டே குடுத்தாரு. லியோன்காரங்க என்ன பண்ணாங்க, அந்த லிஸ்டை வச்சே பிழையை திருத்தி மறுபடி அச்சடிச்சுட்டாங்க! ஆக சாஞ்ச எழுத்துல, டால்ஃபினும் கோலோஃபோனும் இல்லாத ஒண்ணு கைக்கு வந்தா ஆல்டுஸ்னு போட அவசரப்படாதீங்க, பழைய லெட்ஜர்ல யாரோ ஆல்டுஸ்னு எழுதியிருந்தாலும் சரி.

அப்ப எப்படி உறுதி பண்றது? 1501க்கு முந்தினதுன்னா பிரிட்டிஷ் லைப்ரரியோட ஐஎஸ்டிசி டேட்டாபேஸ், 1501லேந்து 1600 வரைக்கும்னா ரோம்ல ஐசிசியுங்கிற கேட்டலாக் நிறுவனம் நடத்துற எடிட் 16 டேட்டாபேஸ், அதுக்கு அப்புறம்னா இத்தாலியோட எஸ்பிஎன் கூட்டு கேட்டலாக். எடிட் 16ல ஒவ்வொரு பதிப்புக்கும் சிஎன்சிஈ நம்பர் இருக்கும், மடிப்பு கணக்கும் இருக்கும், நிறைய பதிப்புக்கு இம்ப்ரோந்தாவும் இருக்கும். இம்ப்ரோந்தான்னா புக்கோட கைரேகை, குறிப்பிட்ட நாலு பக்கத்துல கடைசி ரெண்டு வரிலேந்து ரெண்டு ரெண்டு எழுத்தா எடுத்து மொத்தம் 16 எழுத்து. எழுத்தை கலைச்சு மறுபடி கோத்திருந்தா வரி முடியற இடம் எங்கயாவது மாறிடும், 16ம் அப்படியே ஒத்துப்போறது அபூர்வம். உங்க புக்குக்கு எடுத்து பொருத்திப் பாருங்க, ஒத்துப்போனா 026ல போட்டு, சிஎன்சிஈ நம்பரை 510ல போடுங்க. ஒத்துப்போகலன்னா சந்தோஷப்படுங்க, சுவாரசியமான புக்கு மாட்டியிருக்கு.

கடைசியா இந்த காப்பிக்கு மட்டும் சொந்தமான விஷயங்க. பைண்டிங் 563, யார் யார்கிட்ட இருந்துச்சுங்கிறது 561. இத்தாலிய புக்குல மெல்லிசான வெல்லம் (vellum, பதப்படுத்தின தோல்) அட்டை, கீழ் விளிம்புல மசில எழுதின தலைப்பு, முதல் பக்கத்துல இன்ன மடத்துக்கு சொந்தம்னு ஒரு துறவி கையெழுத்து, நடுவுல சென்சார் மசி பூசி அடிச்ச வரிங்க, எல்லாத்தையும் எழுதுங்க, படிக்க வரலன்னா போட்டோ எடுத்து வைங்க. ஸ்டாம்ப் விஷயத்துல மட்டும் கொஞ்சம் நிதானம். 1866ல இத்தாலி அரசு மடங்களை கலைச்சப்ப மடத்து புக்கெல்லாம் பொது லைப்ரரிகளுக்கு போச்சு, அதுல ரெட்டை காப்பியை வித்தாங்க, அது நியாயமான வழி. ஆனா நேப்பிள்ஸ்ல ஜிரோலமினி லைப்ரரில டைரக்டரே புக்கை கடத்தினது 2012ல வெளில வந்துச்சு, ஃப்ளோரன்ஸ் ரிக்கார்தியானாலேந்து திருடு போன கொலம்பஸ் கடிதம் 2016ல அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரிலேந்து திரும்பி போச்சு. அதனால ஒரு இத்தாலிய லைப்ரரி ஸ்டாம்ப் இருந்து, வித்ததுக்கான முத்திரை எதுவும் இல்லன்னாலோ, ஸ்டாம்பை சுரண்டின வழவழப்பு தெரிஞ்சாலோ, ரெக்கார்டை பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி கியூரேட்டர்கிட்ட எழுத்துல சொல்லிடுங்க.

ரெக்கார்டு சேவ் ஆனதும் ஸ்டாஃப் லாகின்லேந்து வெளில வந்து, ஒரு ஸ்டூடண்ட் மாதிரி தேடிப் பாருங்க. வினேஜியான்னு போட்டா வருதா, வெனிஸ்னு போட்டா வருதா, வி போட்டு யு போட்டு ரெண்டுலயும் வருதா. எங்கயாவது வரலன்னா 246க்கும் 752க்கும் திரும்ப போங்க, புக்கை இன்னும் அலமாரிக்கு அனுப்பாதீங்க.