மூன்று நாளைக்கு ஏழு செட் துணி எதற்கு? ராமேசுவரம் பக்கம் வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பிறந்தால் ராமநாதபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நாள் ராமேசுவரம், ஒரு நாள் தனுஷ்கோடி, மிச்ச நேரத்துக்கு அரியமான் கடற்கரையோ தேவிபட்டினமோ ஏர்வாடியோ. ஆக மொத்தம் மூன்று நாள். ஆனால் ஆட்டோவிலிருந்து இறங்கும் பெட்டிகளைப் பார்த்தால் மூன்று மாதம் தங்க வந்த மாதிரி இருக்கும். அத்தனை துணி இருந்தும், இரண்டாம் நாள் சாயங்காலம் யாராவது ஒருவர் என் அம்மாவிடம் வந்து, "அத்தை, போட்டுக்கக் காஞ்ச துணி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார்கள். வருடா வருடம் இதே கதை.

எல்லோரும் நாள் கணக்கில் துணி எடுத்து வைக்கிறார்கள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று. இந்தக் கரைக்கு வருகிறவர்கள் எண்ண வேண்டியது எத்தனை தடவை நனைவோம் என்பதைத்தான். அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, அரியமானில் ஒரு குளியல், தனுஷ்கோடியில் முழங்கால்வரை ஒரு நனைச்சல். இதை எண்ணிவிட்டால் பெட்டி தானாகச் சிறுத்துவிடும்.

அதற்கு முன்னால் வசந்தம் என்ற சொல்லை நம்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். அக்னி நட்சத்திரம் வருவதும் அந்த இளவேனிலுக்குள்தான், அதை மறந்துவிட வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பாம்பன் பக்கம் பகலில் 32, 33 டிகிரி இருக்கும். மதுரையைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் கடற்காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உடம்பிலேயே நிற்கும். ராத்திரியிலும் பெரிதாகக் குளிர்ந்துவிடாது. ஆகவே 'கடற்கரையில் குளிருமே' என்று ஜெர்க்கின், ஸ்வெட்டர் எடுத்து வருவது பெட்டியில் பாதியை வீணாக்குகிற வேலை. குளிர்கிற ஒரே இடம் ரயிலின் ஏசி பெட்டி. அதற்கு ஒரு சால்வை போதும்.

இப்போது ஜீன்ஸ். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் கோவையிலிருந்து வந்த என் அத்தை மகன் இரண்டு ஜீன்ஸ் கொண்டுவந்தான். அரியமானில் முழங்கால்வரைதான் என்று இறங்கியவன் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கும். இறங்கினால் ஏற மனம் வராது. வீட்டுக்கு வந்து ஜீன்ஸை அப்படியே மொட்டைமாடிக் கொடியில் போட்டான். பங்குனி வெயிலில் மதியத்துக்குள் அட்டை மாதிரி விறைத்து நின்றது. சாயங்காலம் தொட்டால் பிசுபிசுப்பு. மறுநாள் விடியற்காலையில் கையை ஈரமாக்குகிற அளவுக்கு நனைந்திருந்தது.

"மச்சான், ராத்திரி மழை பெஞ்சுச்சா?" என்று என்னிடம் கேட்டான்.

அம்மாதான் பதில் சொன்னார். "மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல மருமகனே. கடத்தண்ணியில நனைச்சத நல்ல தண்ணியில அலசாமப் போட்டா அது காயாது. உப்பு ஜாடி கணக்கா கசிஞ்சுக்கிட்டே கெடக்கும்."

அம்மா சொன்னது அறிவியலும்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு நூலிடுக்கில் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே பிசுபிசுக்கும். இரவிலும் விடியலிலும் இந்தக் கரையில் அந்த ஈரப்பதம் சாதாரணம். தடிமனான ஜீன்ஸ் துணி உப்பை நிறையப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும்.

வழி எளிது. கடலில் நனைந்ததை அன்றைக்கே அரை வாளி நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து போடுங்கள். சில இடங்களில் குழாய்த் தண்ணீரே லேசாகக் கரிக்கும். பரவாயில்லை, கடலுக்கு அது எவ்வளவோ மேல். அந்தத் தண்ணீரில் சோப்புக் கட்டி நுரைக்காது, திரிந்து அழுக்காகத்தான் ஒட்டும். ஒரு சின்னப் பொட்டலம் சோப்புத்தூள் கொண்டுவருவது புத்திசாலித்தனம். ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். மெல்லிய காட்டன் பேண்ட்டோ ட்ராக் பேண்ட்டோ போதும்.

அடுத்தது கோயில். ராமேசுவரத்தில் முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, உள்ளே வரிசையாக 22 தீர்த்தங்களிலும் ஆட வேண்டும். கிணற்றுமேட்டில் நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்ற ஊற்ற, ஈரத்துணியோடு அடுத்த கிணற்றுக்கு நடக்க வேண்டும். கல்தளம் முழுக்கத் தண்ணீர். இதற்கு வெள்ளை வேட்டி கட்டி வருகிறவர்கள் முதல் வாளியிலேயே சங்கடப்பட்டுப் போவார்கள், நனைந்த வெள்ளைத் துணி எதையும் மறைக்காது. காவி வேட்டியோ சாய வேட்டியோ கட்டுங்கள். பரமக்குடிக் கைத்தறிச் சேலை எங்கள் மாவட்டத்தின் பெருமைதான், எங்கள் வீட்டுப் பெண்களும் அதைத்தான் கட்டுகிறார்கள். ஆனால் தீர்த்தமாட அது வேண்டாம். முழுதாக நனைந்த பருத்திச் சேலை கனத்துப்போய்க் காலைச் சுற்றும், வழுக்குத் தளத்தில் அது ஆபத்து. தரையைக் கூட்டுகிற நீளப் பாவாடையும் அப்படித்தான். அடர்நிறத்தில் பூப்போட்ட மெல்லிய சுடிதார் எத்தனையோ மேல்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். ஈரத்துணியோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள். மாற்றுத்துணி லாட்ஜ் அறையில் பத்திரமாக இருக்கும், இவர்கள் சொட்டச் சொட்டத் தெருவில் நடந்து போய் மாற்றிக்கொண்டு திரும்ப வந்து வரிசையில் நிற்பார்கள். ஒரு துணிப்பையில் உலர்ந்த செட், துண்டு, ஈரத்துணியைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர் எல்லாம் வைத்து, தீர்த்தமாடாத ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். துணி மாற்ற இடம் இருக்கிறது. பட்டுச்சேலை கட்டித்தான் சாமி கும்பிட வேண்டும் என்றால், நனையாத இன்னொரு நேரத்தில் தனியாக வாருங்கள். உப்புநீர் பட்டால் ஜரிகை கறுத்துவிடும்.

துண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. பூத்துவாலை எடுத்து வராதீர்கள். பெட்டியில் ஒரு சேலைக்கு மேல் இடம் பிடிக்கும், ஒருமுறை நனைந்தால் ஊர் போகிறவரை ஈரம்தான். குற்றாலத் துண்டு இரண்டு போதும். அரைமணியில் காய்ந்துவிடும்.

தனுஷ்கோடிக்கு வேறு கணக்கு. 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர் அது. 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை திறந்தபிறகு காரிலேயே முனைக்குப் போய்விடலாம். ஆனால் நிழல் என்று ஒதுங்க மரம் கிடையாது. ஒரு பக்கம் ஆண்கடல் என்கிற கொந்தளிக்கும் கடல், இன்னொரு பக்கம் பெண்கடல் என்கிற அமைதியான கடல், மேலே வெயில், கீழே அந்த வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளை மணல். 'வெயில்தானே, கையில்லாத டிரஸ் போட்டால் காற்றோட்டமாக இருக்கும்' என்று வருகிறவர்கள் ராத்திரி தோள் எரிகிறது என்று தேங்காயெண்ணெய் கேட்பார்கள். தொளதொளவென்று முழுக்கை வைத்த பருத்திச் சட்டைதான் அங்கே குளிர்ச்சி. மெல்லிய வெள்ளை டிஷர்ட் வெயிலைப் பெரிதாகத் தடுக்காது, நனைந்துவிட்டால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த வெளிர்நீலமோ இளம்பச்சையோ நல்லது. தொப்பிக்குத் தாடையில் கட்டுகிற கயிறு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கடலிலிருந்து பறந்து இன்னொரு கடலுக்குப் போய்விடும், நானே ஒன்றைத் தொலைத்திருக்கிறேன்.

சேலையில் வருகிறவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி இரண்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். அங்கே குளிக்க நினைக்க வேண்டாம், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். எனவே குளிக்கிற செட்டும் தேவையில்லை, முழங்கால்வரை மடிக்க வருகிற பேண்ட் இருந்தால் போதும். ரயிலுக்குக் கொண்டுவந்த சால்வையை இங்கே தலையில் சுற்றிக்கொள்ளலாம். ஏர்வாடி தர்காவுக்குப் போனால் தலையை மூடவும் அதுவே ஆகும்.

செருப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஷூவில் மணல் ஏறும், தோல் செருப்பு உப்புநீர் பட்டால் வெள்ளை பூத்து விறைத்துப்போகும். பின்வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரே ஒரு ஜோடி. கவரிங் நகை கறுத்துவிடும், வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, எத்தனை எடுக்கலாம்? பெரியவர் ஒருவருக்கு மூன்று நாளுக்கு என் கணக்கு: நனைய இரண்டு செட், நனையாமல் வெளியே போக இரண்டு செட், ராத்திரிக்கு ஒரு கைலியோ நைட்டியோ. வரும்போது போட்டிருக்கிற செட்டை அன்றைக்கே அலசிப் போட்டால் திரும்பும்போது அதுவே ஆகும். உள்ளாடையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நாளைக்கு இரண்டு வீதம் எடுங்கள். ஈரம் முழுதாகக் காயாததை மாட்டிக்கொண்டு இந்தப் புழுக்கத்தில் சுற்றினால் படை வந்து ஊர் திரும்பியபிறகும் சொறிய வைக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, இரண்டு மடங்கு எடுத்துவிடுங்கள்.

பெட்டி சிறுத்ததும் அதை நிரப்ப ஆசை வரும். கரையில் கிடக்கிற பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்கித் துணிக்குள் சுருட்டி வைக்காதீர்கள். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, எடுத்துச் செல்வது குற்றம்.

கருவாடு வாங்கலாம், அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. ஆனால் தனிப் பையில் போடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த சித்தி, தன் பட்டுச்சேலையைத் தீர்த்தத்துக்குக் கட்டாமல், கடல்பக்கமே காட்டாமல், பழைய வேட்டியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்து கடைசி நாள் சாமி கும்பிட்டார். கிளம்புகிற அவசரத்தில் சித்தப்பா பாம்பனில் வாங்கிய அரைக் கிலோ நெத்திலியை அந்தப் பெட்டியிலேயே செருகிவிட்டார். மறுநாள் சென்னையிலிருந்து போன் வந்தது. "நாலு நாள்ல கல்யாணம்டா. பட்டுச்சேலைய விரிச்சா நெத்திலி மணக்குது. உங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு, இதுக்கு என்ன பண்றது?"