இலையுதிர் காலத்தில் காட்டு நடை

இலையுதிர் காலத்தில் பொழுது வாரத்துக்கு வாரம் சுருங்கும்; மரங்களுக்கு அடியில் இருட்டு இன்னும் முன்னதாகவே வந்துவிடும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே காட்டைவிட்டு வெளியே வரும்படி கிளம்புங்கள். நடக்க ஆகும் நேரத்தைக் கணக்குப் போட ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். குழந்தைகள் வந்தால் இரட்டிப்பாக்குங்கள்.

பெரிய தொல்லை வழுக்கல்தான். ஈர இலைகள் வேரையும் குழியையும் மூடிவிடும். மரப்பலகைப் பாலம் இன்னும் மோசம். கணுக்காலை மூடும், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி போடுங்கள். இறக்கத்தில் சிறு அடிகளாக, முழுப் பாதமும் பதிய நடங்கள். உள்ளுடை பருத்தியில் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது, நின்றதும் குளிரெடுக்கும். மெல்லிய கம்பளி நல்லது.

பகலில் வெயிலும் இரவில் உறையாத குளிருமாகச் சில நாள் தொடர்ந்தால் இலைகளில் சிவப்பு அழுத்தமாக ஏறும். அப்போதே போய்விடுங்கள், ஒரு பலத்த காற்று போதும், அத்தனையும் உதிர்ந்துவிடும்.

காளான்களைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்துங்கள். கொல்லும் வகைகள் சில உண்ணும் வகை போலவே இருக்கும், வேகவைத்தாலும் அவற்றின் நஞ்சு போகாது.

திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி தேடுங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; எண்ணெயும் நெருப்பும் கூடவே கூடாது.