மொராக்கோ தேர்தல் ரிசல்ட்டை எப்படி படிக்கணும்

மொராக்கோவுல தேர்தல் முடிஞ்ச மறுநாள் நியூஸ்ல ஒரு பட்டியல் வரும், எட்டு கட்சி பேரு, பக்கத்துல சீட் நம்பர், அவ்ளோதான். அத மட்டும் பார்த்து யாரு ஜெயிச்சாங்கன்னு முடிவு பண்ணா பாதி விஷயம் விட்டுப் போயிடும். 2016ல எனக்கு அப்படித்தான் ஆச்சு. இஸ்லாமியக் கட்சியான பிஜேடி 125 சீட், அடுத்து வந்த பாம் கட்சி 102, அப்போ பிஜேடி தலைவர் அப்தெலிலா பென்கிரான்தான் மறுபடியும் பிரதமர்னு நினைச்சு அதோட விட்டுட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு பார்த்தா அவர் பதவியில இல்ல, அதே கட்சியில இருந்து வேற ஒருத்தர் வந்திருக்காரு. அதுக்கப்புறம்தான் இந்த நாட்டு சிஸ்டத்த ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். புதுசா ஃபாலோ பண்றவங்களுக்கு எந்த வரிசையில பார்த்தா புரியும்னு எழுதுறேன்.

முதல்ல மூணு நம்பர மனசுல வச்சுக்கங்க, 395, 305, 90. பிரதிநிதிகள் சபையில மொத்தம் 395 பேர், அஞ்சு வருஷத்துக்கு. அதுல 305 பேர் 92 தொகுதியில இருந்து வர்றாங்க, ஒரு தொகுதிக்கு ஒரு எம்பி கிடையாது, பல சீட் இருக்கும், கட்சி ஒரு லிஸ்ட் போடும், மக்கள் அந்த லிஸ்டுக்கு ஓட்டுப் போடுவாங்க. மிச்சம் 90 பேர் 12 மாகாண லிஸ்ட்ல இருந்து வருவாங்க, இது பெண்கள அதிகமா கொண்டு வர்றதுக்காக 2021ல வந்த ஏற்பாடு, அதுக்கு முன்னாடி இதே 90 சீட்டு நாடு முழுக்க ஒரே லிஸ்ட்டா இருந்துச்சு, 60 பெண்களுக்கு, 30 இளைஞர்களுக்கு. மேல்சபைன்னு ஒண்ணு இருக்கு, 120 பேர், ஆனா அத நேரடியா மக்கள் தேர்ந்தெடுக்கறதில்ல, அதனால தேர்தல் ராத்திரி அத பத்தி கவலைப்பட வேண்டாம்.

மெஜாரிட்டிக்கு 198 வேணும். இந்த லிஸ்ட் முறை 2002ல வந்ததுல இருந்து ஒரு கட்சி கூட அந்த 198க்கு பக்கத்துல போனதில்ல, அதிகபட்சமே பிஜேடி வாங்கின அந்த 125தான். அதனால "முதல் இடம்"ங்கிறதும் "ஆட்சி"ங்கிறதும் இங்க வேற வேற விஷயம்.

அடுத்து கட்சிகள். நிறைய பேர் இடது, வலதுன்னு பிரிச்சு பார்க்கப் போயி குழம்பிடுறாங்க. என் அனுபவத்துல மொராக்கோ கட்சிய புரிஞ்சுக்க சரியான கேள்வி, இது எங்க பொறந்துச்சு, யாரு பெத்தாங்கங்கிறதுதான். ஒரு கூட்டம் சுதந்திரப் போராட்டத்துல இருந்து வந்தது. 1944 ஜனவரி 11ஆம் தேதி சுதந்திர அறிக்கை வெளியிட்ட இஸ்திக்லால் அதுல மூத்தது. அதுல இருந்து 1959ல மெஹ்தி பென் பர்கா மாதிரி ஆளுங்க உடைஞ்சு வெளிய போனாங்க, அந்த வழியில 1975ல வந்ததுதான் சோஷலிஸ்ட் கட்சி யுஎஸ்எஃப்பி. பழைய கம்யூனிஸ்ட்டுகளோட வாரிசு பிபிஎஸ். இவங்கள்ல பலர் மன்னர் ரெண்டாம் ஹசன் காலத்துல ஜெயிலு, நாடு கடத்தல்னு நிறைய அனுபவிச்சவங்க, அந்த வரலாற தெரிஞ்சுக்காம இவங்க இன்னைக்கு ஏன் இப்படி இருக்காங்கன்னு பேசுறது நியாயமில்ல.

இன்னொரு கூட்டம் அரண்மனைக்குப் பக்கத்துல பொறந்தது. அங்க உள்ளவங்க இத "இதாரியா கட்சிகள்"னு சொல்வாங்க, அதாவது நிர்வாகமே உருவாக்கின கட்சிகள்னு அர்த்தம். 1977 தேர்தல்ல சுயேச்சையா ஜெயிச்சவங்கள சேர்த்து 1978ல அஹ்மத் ஒஸ்மான் ஆரம்பிச்சதுதான் ஆர்என்ஐ, அவரு மன்னர் ரெண்டாம் ஹசனோட தங்கச்சியக் கட்டினவரு, பிரதமராவும் இருந்தவரு. 1983ல யூசி வந்துச்சு. 2008ல இப்போதைய மன்னர் ஆறாம் முகமதுவோட பள்ளிக்காலத்து நண்பர் ஃபுவாத் அலி எல் ஹிம்மா பாம் கட்சிய ஆரம்பிச்சாரு. கிராமத்து மக்கள், அமாஸிக்னு சொல்ற பூர்வகுடி மக்கள் மத்தியில இருந்து வந்த மக்கள் இயக்கம்ங்கிற கட்சியும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

மூணாவது பிஜேடி, இஸ்லாமியக் கட்சி, ஆனா மன்னராட்சிய ஏத்துக்கிட்ட இஸ்லாமியக் கட்சி. ஏத்துக்காத இன்னொரு பெரிய இயக்கம் இருக்கு, அல் அத்ல் வல் இஹ்ஸான், அவங்க தேர்தல்ல நிக்கிறதே இல்ல, ரிசல்ட் பட்டியல்ல அவங்க பேர தேடினா கிடைக்காது, ஆனா தெருவுல அவங்களுக்குப் பலம் இருக்கு.

சின்னத்த தெரிஞ்சு வச்சுக்கறது ரொம்ப உதவும், ஏன்னா அங்க உள்ளவங்க கட்சி பேர விட சின்னத்த வச்சுத்தான் பேசுவாங்க. பிஜேடி விளக்கு, ஆர்என்ஐ புறா, பாம் டிராக்டர், இஸ்திக்லால் தராசு, யுஎஸ்எஃப்பி ரோஜா, பிபிஎஸ் புத்தகம், மக்கள் இயக்கம் கதிரு, யூசி குதிரை. தலைப்புல டிராக்டர் விளக்க முந்திடுச்சுன்னு பார்த்தா இனிமே புரிஞ்சுடும்.

இப்ப முக்கியமான இடம், சீட்ட எப்படி பிரிக்கிறாங்க. இதுல கொஞ்சம் பொறுமையா நில்லுங்க, 2021 ரிசல்ட்டோட பாதி ரகசியம் இந்தக் கணக்குலதான் இருக்கு. ஒரு தொகுதி கற்பனை பண்ணிக்கங்க, 4 சீட், பதிவான வாக்காளர் 2,00,000, செல்லுபடியான ஓட்டு 90,000. புறா 36,000, தராசு 24,000, டிராக்டர் 18,000, ரோஜா 8,000, குதிரை 4,000. பழைய முறையில செல்லுபடியான ஓட்ட சீட்டால வகுப்பாங்க, 90,000 வகுத்தல் 4, ஒரு சீட்டோட விலை 22,500. புறா ஒண்ணு எடுக்கும், கையில 13,500 மிச்சம். தராசு ஒண்ணு எடுக்கும், 1,500 மிச்சம். பாக்கி ரெண்டு சீட்டு யாருக்கு மிச்சம் அதிகமோ அவங்களுக்கு, அதாவது டிராக்டருக்கு ஒண்ணு, மறுபடியும் புறாவுக்கு ஒண்ணு. ஆக புறா 2, தராசு 1, டிராக்டர் 1.

2021ல இந்த வகுத்தல மாத்துனாங்க. செல்லுபடியான ஓட்டுக்கு பதிலா பதிவான வாக்காளர் மொத்தத்தையும் எடுத்தாங்க, ஓட்டே போடாதவங்களும் கணக்குல வந்தாச்சு. அதே தொகுதியில 2,00,000 வகுத்தல் 4, ஒரு சீட்டோட விலை 50,000. அத எந்தக் கட்சியும் தொடல. அப்ப நாலு சீட்டும் மிச்சக் கணக்குலயே போகும், முதல் நாலு கட்சிக்கு ஆளுக்கு ஒண்ணு. 36,000 வாங்கின புறாவுக்கும் ஒண்ணு, 8,000 வாங்கின ரோஜாவுக்கும் ஒண்ணு. கூடவே 2016ல இருந்த 3 சதவீத குறைந்தபட்ச வரம்பையும் தூக்கிட்டாங்க. ஒரே தொகுதியில ஒரு கட்சி ரெண்டாவது சீட் எடுக்கறது கிட்டத்தட்ட முடியாத காரியம் ஆயிடுச்சு. பெரிய நகரங்கள்ல ரெண்டு மூணுன்னு அள்ளிட்டு இருந்தது பிஜேடிதான், அதனால அவங்க கடுமையா எதிர்த்தாங்க, அப்ப அவங்க ஆட்சியிலயே இருந்தும் பாராளுமன்றத்துல தடுக்க முடியல. எனக்கு இந்த விதி சரியா படல. ஓட்டுப் போட வராதவரோட பேர வச்சு, வந்து வரிசையில நின்னவரோட ஓட்டு மதிப்ப குறைக்கிற மாதிரி இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும், பிஜேடி 125ல இருந்து 13க்கு விழுந்ததுக்கு இந்த விதிதான் காரணம்னு எழுதுறவங்கள நம்பாதீங்க. இந்த முறை அதிகபட்சத்துக்கு ஒரு மூடி போடும், அவ்ளோதான், பல இடத்துல முதல் நாலுல கூட வர முடியலன்னா ஓட்டே போயிடுச்சுன்னு அர்த்தம். பத்து வருஷம் ஆட்சியில இருந்தது, 2020 டிசம்பர்ல இஸ்ரேலோட உறவு ஒப்பந்தத்துல கட்சித் தலைவரும் பிரதமருமான ஸாதெத்தீன் ஒஸ்மானியே கையெழுத்துப் போட்டது, பழைய ஆதரவாளர்கள் வீட்டுலயே உக்காந்துட்டது, எல்லாம் சேர்ந்துதான். ஒஸ்மானியே தலைநகர் ரபாத்ல தன்னோட சீட்ட இழந்தாரு.

ஓட்டு சதவீதத்த தனியா பாருங்க. 2007ல 37%, 2011ல 45%, 2016ல 43%, 2021ல 50% தாண்டுச்சு. கடைசி நம்பர் ஏறினதுக்கு ஒரு காரணம், அன்னைக்கு பாராளுமன்றம், மாகாணம், உள்ளாட்சின்னு மூணு தேர்தலையும் முதல் தடவையா ஒரே நாள்ல, செப்டம்பர் 8ல வச்சாங்க. உள்ளூர் கவுன்சிலர் வேட்பாளர் தெரிஞ்சவரா இருப்பாரு, அவருக்காக வர்றவங்க அப்படியே எம்பி லிஸ்டுக்கும் போட்டுட்டுப் போவாங்க. மாகாண வாரியாவும் பாருங்க, காசாபிளாங்கா பக்கம் 41% தான், தெக்க லாயூன் மாகாணத்துல 66% மேல. அந்த லாயூன் பகுதி மேற்கு சஹாரா பிரச்சினைக்குள்ள, அதாவது யாருக்கு சொந்தம்னு தகராறு இருக்கற பகுதிக்குள்ள வர்ற இடம், அங்க அதிக ஓட்டு விழுந்துச்சுங்கிறதுக்கே மொராக்கோ அரசு அரசியல் ரீதியா தனி அர்த்தம் கொடுக்கும். இன்னொண்ணு, இந்த சதவீதம் பதிவு பண்ணவங்கள்ல எத்தனை பேருங்கிறதுதான், பேரே பதிவு பண்ணாத பெரியவங்க நிறைய பேரு இந்தக் கணக்குக்கு வெளிய இருக்காங்க.

வேட்பாளர் லிஸ்ட்ல முதல் பேரு யாருன்னு பாருங்க, அடுத்தது அது. கிராமப்புறத்துல "அயான்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, நிலம், வியாபாரம், சொந்தபந்தம் எல்லாம் உள்ள உள்ளூர் பெரிய மனுஷங்க. கட்சிக்காக இவருக்கு ஓட்டு விழறதில்ல, இவருக்காக கட்சிக்கு விழுது. ஜெயிச்ச எம்பி நடுவுல கட்சி மாறினா பதவி போயிடும்னு 2011 அரசியலமைப்போட 61ஆவது பிரிவு சொல்லுது, அதனால தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னாடி ராஜினாமா பண்ணிட்டு மாறுவாங்க. அரபியில இதுக்கு "தர்ஹால்"னு பேரு, மேய்ச்சலுக்கு இடம் பெயர்றதுன்னு அர்த்தம். தேர்தலுக்கு முந்தின ஆறு மாசம் இவங்க எந்தப் பக்கம் நகர்றாங்கன்னு பார்த்தாலே காத்து எங்க அடிக்குதுன்னு ஓரளவு தெரிஞ்சுடும்.

ரிசல்ட்ட அறிவிக்கறது உள்துறை அமைச்சகம், தேர்தல நடத்துறதும் அவங்கதான், தனியா தேர்தல் ஆணையம்னு ஒண்ணு அங்க இல்ல. அறிவிச்சதுக்கப்புறம் உண்மையான ஆட்டம் ஆரம்பிக்கும். 2002ல யுஎஸ்எஃப்பி 50 சீட்டோட முதல்ல வந்துச்சு, ஆனா மன்னர் எந்தக் கட்சியிலயும் இல்லாத திரிஸ் ஜெத்துவ பிரதமர் ஆக்கிட்டாரு. 2011ல அரசியல் சீர்திருத்தம் கேட்ட பிப்ரவரி 20 இயக்கம் ரோட்டுக்கு வந்த பிறகு, ஜூலை 1 வாக்கெடுப்புல புது அரசியலமைப்பு வந்துச்சு, அதுல 47ஆவது பிரிவு, முதல்ல வந்த கட்சியில இருந்துதான் மன்னர் பிரதமர நியமிக்கணும்னு சொல்லுது. இது சின்ன விஷயம் இல்ல, ரோட்டுக்கு வந்த அந்தப் பசங்களால கிடைச்சது. ஆனா அந்தக் கட்சியால கூட்டணி அமைக்க முடியலன்னா அடுத்து என்னங்கிறத அது சொல்லல.

2016 தேர்தலுக்கு அப்புறம் பென்கிரான் மாட்டினது சட்டத்துல இருந்த அந்த ஓட்டையிலதான். பிஜேடி 125, பிபிஎஸ் 12, இஸ்திக்லால் 46, கூட்டினா 183, இன்னும் 15 வேணும். ஆர்என்ஐக்கு 37 சீட்டுதான், ஆனா அதோட தலைவர் அஸீஸ் அகன்னூஷ், நான் வரணும்னா யுஎஸ்எஃப்பியும் உள்ள வரணும்னு நின்னாரு, பென்கிரான் முடியாதுன்னாரு. அங்க இத "பிளாக்காஜ்"னு, அதாவது முட்டுக்கட்டைன்னு சொன்னாங்க. 2017 மார்ச்ல மன்னர் பென்கிரான விலக்கி ஒஸ்மானிய போட்டாரு, அவரு கொஞ்ச நாள்லயே யுஎஸ்எஃப்பியையும் சேர்த்து ஆறு கட்சி கூட்டணி அமைச்சாரு. முதல்ல வந்த கட்சிதான் ஆண்டுச்சு, பிரிவு 47 மீறப்படல, ஆனா யாரு எப்படி ஆளணும்ங்கிறத 37 சீட் வச்சிருந்தவர் முடிவு பண்ணாரு. அதனால சீட் எத்தனைன்னு பார்க்கறதோட, எந்தக் கட்சி இல்லாம 198 வராதுன்னும் ஒரு பேப்பர்ல கூட்டிப் பாருங்க.

2021ல அந்தச் சிக்கலே வரல. ஆர்என்ஐ 102, பாம் 87, இஸ்திக்லால் 81, மொத்தம் 270. செப்டம்பர் 10ஆம் தேதியே அகன்னூஷ நியமிச்சுட்டாங்க. எரிபொருள் வியாபாரத்துல நாட்டோட பெரிய பணக்காரங்கள்ல ஒருத்தர் அவரு, 2018ல அவரோட அஃப்ரிக்கியா பெட்ரோல் பங்குகள மக்கள் புறக்கணிச்சாங்க, மூணு வருஷத்துல அதே ஆளு பிரதமர். இத படிக்கும்போது மக்கள் மறந்துட்டாங்கன்னு சட்டுனு எழுதிடாதீங்க, புறக்கணிச்சவங்கள்ல எத்தனை பேர் வாக்குச்சாவடிக்கு வந்தாங்கங்கிறது வேற கேள்வி.

அமைச்சர் பட்டியல் வந்ததும் கட்சி பேரே இல்லாம இருக்கற அமைச்சர்கள தேடுங்க. உள்துறை, மத விவகாரம் மாதிரி இலாகாவ "இறையாண்மை அமைச்சகங்கள்"னு சொல்வாங்க, அங்க ஆள முடிவு பண்றது அரண்மனை. மத விவகார அமைச்சர் அஹ்மத் தௌஃபிக் 2002ல வந்தாரு. ஜெத்து, அப்பாஸ் எல் ஃபாஸி, பென்கிரான், ஒஸ்மானி, அகன்னூஷ்னு அஞ்சு பிரதமர்கள் வந்தாங்க, இஸ்திக்லாலு, விளக்கு, புறான்னு மாறிட்டே இருந்துச்சு, அவரு மட்டும் அதே நாற்காலியில இருந்தாரு. மக்கள் "மக்ஸன்"னு சொல்றது இந்த மாறாத பகுதியத்தான், அந்த வார்த்தைக்கு மூல அர்த்தம் களஞ்சியம். அமைச்சரவைக் கூட்டத்துலயும் ரெண்டு இருக்கு, அரசுக் கூட்டத்துக்கு பிரதமர் தலைமை, பெரிய கொள்கை முடிவு போற அமைச்சர் கவுன்சிலுக்கு மன்னர் தலைமை.

கடைசியா ஒரு தேதிய பாருங்க. புது அரசு தன்னோட திட்டத்த சபையில வச்சு 198 பேரோட ஆதரவு வாங்கணும், 88ஆவது பிரிவு, அது ஆன பிறகுதான் அரசு முழுசா நின்னதா கணக்கு. 2021ல அக்டோபர் 7ல அமைச்சரவை அறிவிச்சு, அடுத்த வாரமே அந்த ஓட்டெடுப்பும் முடிஞ்சுடுச்சு. அப்புறம் சில தொகுதி ரிசல்ட்ட அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து பண்ணும், அங்க இடைத்தேர்தல் வரும், அதனால முதல் நாள் எழுதி வச்ச சீட் நம்பர் ஒண்ணு ரெண்டு மாறியிருந்தா தப்பா எழுதிட்டோமோன்னு நினைக்க வேண்டாம், எந்தத் தேதியோட நம்பர்னு மட்டும் பக்கத்துல குறிச்சு வச்சுக்கங்க.