டவுனா, கவுன்ட்டியா? அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வந்து இறங்கியவர்களுக்கு

புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். வர்ஜீனியாவுக்கு வந்திருந்தால் "எந்த கவுன்ட்டியில் வீடு பார்க்கிறீர்கள்?" என்று கேட்பேன். மாசசூசெட்ஸ் என்றால் "எந்த டவுன்?" கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, டவுன் என்பது தனி நிர்வாகம் உள்ள ஓர் ஊர். இரண்டு மாநிலத்திலும் குடியிருந்துவிட்டேன். இந்த ஒரு சொல் மாறுவதற்கான காரணம் நானூறு வருடம் பழையது. அதைத் தெரிந்துகொண்டு வந்தால் அலைச்சல் பாதி குறையும்.

எனக்குத் தெரியாமல்தான் வந்தேன். வர்ஜீனியாவில் நாங்கள் பிடித்த முதல் வீட்டின் விலாசத்தில் 'ஃபால்ஸ் சர்ச்' என்று இருந்தது. அந்த ஊர்ப் பள்ளியில்தான் மகளுக்கு இடம் என்று நம்பி முன்பணம் கட்டிவிட்டேன். பள்ளி அலுவலகத்துக்குப் போனால், "உங்கள் வீடு ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் இருக்கிறது, அங்கே போய்ச் சேருங்கள்" என்றார்கள். அங்கே விலாசத்தில் இருப்பது தபால்காரருக்கான பெயர். பள்ளி, காருக்கு வருடாவருடம் கட்டும் வரி எல்லாம் பெரும்பாலும் கவுன்ட்டியோடுதான். கையெழுத்துப் போடுமுன் கவுன்ட்டியின் இணையதளத்தில் வீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சரி, ஏன் கவுன்ட்டி? 1607-இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஆங்கிலேயர்களை அனுப்பியது லாபம் தேடிய ஒரு லண்டன் கம்பெனி. வந்தவர்கள் ஆண்களும் பையன்களும் மட்டுமே. 1609 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். குடியேற்றத்தைப் பிழைக்க வைத்தது ஜான் ரால்ஃப் பயிரிட்டுக் காட்டிய புகையிலை. புகையிலை நாலைந்து வருடத்தில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும், புது நிலம் வேண்டும். அந்த நிலம் அங்கே முன்பிருந்தே வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. கப்பல் செலவு கொடுத்து ஓர் ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் என்று விதி வைத்தார்கள். ஆற்றங்கரை நெடுகப் பண்ணைகள் பரவின. பண்ணைக்காரருக்குச் சொந்தப் படகுத்துறையே இருந்ததால் ஊர் கூடி வாழ வேண்டிய தேவை எழவில்லை. சிதறிக் கிடந்த பண்ணைகளுக்குப் பொதுவாக ஒரு நீதிமன்றம் வைத்தார்கள், அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்ட பகுதிதான் கவுன்ட்டி. ஸ்பாட்சில்வேனியா கோர்ட்ஹவுஸ் என்று ஓர் ஊருக்கே இன்னும் பெயர் இருக்கிறது.

வயலில் உழைத்தவர்கள் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். மலாயாவுக்கும் ஃபிஜிக்கும் போன நம் முன்னோர் கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1619-இல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள். 1662-இல், தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் எழுதினார்கள். வர்ஜீனியாவின் பழைய மாளிகைகளைக் குழந்தைகளுக்குக் காட்டப் போகும்போது பின்புறம் இருக்கும் அடிமைக் குடிசைகளையும் தவறாமல் காட்டுங்கள்.

மாசசூசெட்ஸுக்கு 1620-லும், பெருங்கூட்டமாக 1630-லும் வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். நிலம் பெரும்பாலும் ஒரு கூட்டத்தாருக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. நடுவில் வழிபாட்டுக் கூடம், பக்கத்தில் பொதுப் புல்வெளி, சுற்றிலும் வீடுகள். பைபிளை எல்லோரும் தாங்களே படிக்க வேண்டும் என்பதால் 1647-இல், 50 குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. பள்ளி டவுனின் பொறுப்பானது அப்படித்தான். இன்றும் டவுன் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு எடுத்தால் பள்ளியே மாறிவிடும்.

ஆனால் ஊர் கூடி வாழ்ந்த அந்த ஒட்டுறவு பியூரிட்டன்களுக்குள் மட்டும்தான். மேரி டையர் என்ற பெண்ணை, குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதற்காக 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அதே குவேக்கர்களில் ஒருவரான வில்லியம் பென் 1682-இல் பென்சில்வேனியாவுக்கு வந்து, பல மதத்தவரையும் குடியேற அழைத்தார். அடுத்த வருடமே ஜெர்மானியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

மாசசூசெட்ஸில் வீடு எடுப்பவர்கள் வசந்தகாலத்தில் ஊரார் கூடி ஊர்ச் செலவுகளுக்கு ஓட்டுப் போடும் டவுன் மீட்டிங்குக்கு ஒருமுறை கட்டாயம் போங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, ஆனால் பார்வையாளராக உட்காரலாம். நான் போன அன்று உயர்நிலைப் பள்ளி அரங்கில் தீயணைப்பு வண்டி வாங்குவது பற்றிப் பேச்சு. கம்பளிச் சட்டை போட்ட பாட்டி ஒருவர் மைக்குக்கு வந்து, பழைய வண்டி எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று கேட்டார். தீயணைப்புத் தலைவர் எழுந்து நின்று, கையிலிருந்த தாளைப் புரட்டிப் பதில் சொன்னார். பாட்டி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, தன் ஓட்டு அட்டையை உயர்த்திப் பிடித்தார்.