ஓப்ரா டின் விளையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற கணினி விளையாட்டை ஒருமுறைதான் உண்மையாக விளையாட முடியும். விடை தெரிந்துவிட்டால் அதில் மிச்சம் இருப்பது குறைவு. ஆகவே இதைத் தொடங்கப் போகிறவர்களிடம் சில தவறுகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட விரும்புகிறேன்.

லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளிவந்த விளையாட்டு இது. 1802இல் லண்டனிலிருந்து கிழக்கே புறப்பட்டுக் காணாமல் போன 'ஓப்ரா டின்' என்ற கப்பல், 1807இல் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக அதில் ஏறும் நீங்கள், 60 பேரில் ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று ஏட்டில் நிரப்ப வேண்டும். கையில் உள்ள கடிகாரத்தைச் சடலத்தருகே திறந்தால், அந்த ஆள் உயிர்விட்ட கணம் அப்படியே உறைந்த காட்சியாக உங்களைச் சூழ்ந்து நிற்கும்.

பெரிய தவறு குருட்டாம்போக்கில் விடை போடுவது. மூன்று பேரின் விவரம் சரியானால்தான் ஏடு அதை ஒப்புக்கொண்டு அச்செழுத்தில் பதிக்கும். உறுதியான இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவது பெயரை மாற்றி மாற்றிப் பார்த்தால் பல இடங்களில் வழி கிடைத்துவிடும். ஆனால் அந்த மனிதரைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய தருணம் போய்விடும். அது திரும்பக் கிடைக்காது. இறுதியில் மிஞ்சும் இரண்டு மூன்று பேரை, மற்றவர்களைக் கழித்துத் தீர்மானிப்பது வேறு. அதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது.

அடுத்தது, சாகிறவரை மட்டும் பார்ப்பது. காட்சியில் நடந்து போங்கள். கதவுக்கு அப்பால், படிக்குக் கீழே, பாய்மரத்தின் மேலே எல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் பெயர் தேட வேண்டும். மாலுமிகள் உறங்கும் தொங்குபடுக்கைகள் வரும் காட்சி ஒன்று உண்டு. சாவு நடப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், படுக்கைகளில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். பிறகு ஏட்டில் உள்ள பணியாளர் பட்டியலின் எண்களோடு ஒப்பிடுங்கள். முகம் தெரியாத படுக்கையிலிருந்து ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதை விடாதீர்கள். இந்த விளையாட்டின் மேதைமை எனக்கு விளங்கிய இடம் அதுதான்.

வசனத்தைத் திரையில் படித்துவிட்டு நகர்ந்துவிடுவதும் நம்மில் பலருக்கு உள்ள பழக்கம். இங்கே குரலும் சாட்சியம். கப்பலில் ஆங்கிலேயர் மட்டுமல்ல, இந்தியர், சீனர், ரஷ்யர் எனப் பலர் இருக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொருவரின் நாடும் உண்டு. உச்சரிப்பு, வேற்று மொழி, யார் யாரை எப்படி விளிக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலைச் சுருக்கிக் கொடுக்கும். ஹெட்போன் இருந்தால் நல்லது. ஏட்டில் உள்ள ஓவியங்களில் யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஏட்டின் ஓவியத்தில் ஒருவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால், அவரை அடையாளம் காணப் போதிய தடயம் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், அடுத்த ஆளுக்குப் போங்கள். இறந்த விதத்தைக் குறிக்கும் சொல்லைப் பற்றியும் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஐயத்துக்கு இடமுள்ள மரணங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் ஏற்கப்படும்.

ஒரு கட்டத்தில் மழை பிடித்துக்கொள்ளும், உங்களைக் கப்பலுக்குக் கொண்டுவந்த படகுக்காரர் கிளம்பலாம் என்பார். அத்தோடு நேரம் முடிந்தது என்று நினைத்துப் பாதி ஏட்டோடு இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. அவசரமே இல்லை, அவர் காத்திருப்பார். அதுவரை கப்பலில் பார்க்கக்கூடிய காட்சிகள் எல்லாம் திறந்துவிட்டன என்பதற்கான அறிகுறி அது. உண்மையான துப்பறிதல் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. சடலங்களிடம் திரும்பிப் போய், பார்த்த காட்சிகளை மறுபடி பாருங்கள்.