அலையாத்தி ரிவுலஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மீனைத் தேடிப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, ஓடையில் வலை வீசுவது. ஃபுளோரிடாவிலிருந்து கரீபியன் கரைகள் வழியாகப் பிரேசில் வரையுள்ள அலையாத்திக் காடுகளில் வாழும் இது கில்லி எனப்படும் சிறு மீன் வகையைச் சேர்ந்தது, விரல் நீளமே இருக்கும். திறந்த நீரில் அகப்படுவது அரிது. நீல நில நண்டின் வளைக்குள் தேங்கிய கலங்கல் நீர், இலைச் சருகின் அடியீரம், பூச்சிகள் துளைத்த உளுத்த மரத்துண்டு ஆகியவைதான் இதன் இருப்பிடம். ஃபுளோரிடாவில் நெடுங்காலம் இதை அரிய மீன் என்றே எண்ணினார்கள். தேடிய இடம் தவறியதும் அதற்கொரு காரணம்.

மரத்துண்டைப் பிளந்து, உள்ளே நெருக்கியடித்துக் கிடக்கும் மீன்களைச் செத்தவை என்று ஒதுக்குவது அடுத்த தவறு. வளை நீரில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கூடினாலோ சூடு ஏறினாலோ இது வாலை உதறித் துள்ளி வெளியேறிவிடும். பிறகு தோலே மூச்சு விடும். உடலில் சேரும் அம்மோனியாவில் ஒரு பங்கு வாயுவாகவே தோல் வழியே போய்விடும். செவுள் மடிப்புகளின் இடைவெளியைச் செல்கள் வளர்ந்து அடைத்துக்கொள்ளும். நீருக்குத் திரும்பினால் அந்த அடைப்பு விலகும். ஈரமான இடத்தில் 66 நாள் வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. ஆகவே தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் மீனைப் பதறிப்போய் நீருக்குள் தள்ள வேண்டாம். நீரின் தரத்தைப் பாருங்கள். மூடி இல்லாமல் வளர்ப்பதும் கூடாது. ஒன்றையொன்று தாக்கும் என்பதால் தனித்தனியே வைப்பதே நல்லது.

ஆண், பெண் ஜோடி கேட்டு அலைவது வீண்வேலை. இந்த இனத்தில் வளர்ந்தவை இருபாலிகளும் (ஆண், பெண் இரண்டின் தன்மையும் ஓருடலில் கொண்டவை) ஆண்களும்தான். இருபாலி தன் முட்டைகளை உடலுக்குள்ளேயே தானே கருவுறச் செய்கிறது என்பதை 1961இல் ஆய்வாளர் ராபர்ட் ஹாரிங்டன் வெளியிட்டார். முதுகெலும்பிகளில் இந்தத் திறன் இதற்கும் இதன் நெருங்கிய உறவினத்துக்கும் மட்டுமே உண்டு. அதற்காக இந்த இனத்து மீன்கள் எல்லாம் மரபணுவில் ஒரே அச்சு என்று எழுதுவதும் பிழையே. பெலீஸின் ட்வின் கேஸ் தீவுகளில் ஆரஞ்சு நிற ஆண்கள் கணிசமாக இருக்கின்றன. கருவுறாமல் வெளிவரும் சில முட்டைகளை அவை கருவுறச் செய்வதால் மரபணுக்கள் கலக்கின்றன.

கில்லி மீன் என்றதும் ஒரே பருவத்தில் வாழ்ந்து முடியும் ஆப்பிரிக்க வகைகளை நினைத்துக்கொள்கிறார்கள். இது அப்படியல்ல, ஆண்டுக்கணக்கில் வாழும்.

வேண்டாத மீனை அருகிலுள்ள கழிமுகத்தில் விடுவதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். பெருகுவதற்கு இதற்கு ஒரு மீனே போதும்.

பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று: இன்றைய கிரிப்டோலெபியாஸ் மார்மோரேட்டஸ் என்ற பெயர் 2004இல் வந்தது. அதற்கு முன் ரிவுலஸ் மார்மோரேட்டஸ். புதுப்பெயரில் மட்டும் தேடினால் ஹாரிங்டனின் கட்டுரைகூடக் கண்ணில் படாமல் போகலாம்.